ஆர்எஸ்எஸ் வகுப்பு: ‘யார் அனுப்புகிறார்கள்?’ என்று கேட்டால் என்ன சொல்வது?

செந்தூல்_வாசகர்

வணக்கம். அடுத்த மாதம் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வாசகர் வட்டத்துக்கு இரண்டு மணி நேர வகுப்பு. தலைப்பு: வலைத்தளங்களின் செய்தியோடைக்கு (ஆர்எஸ்எஸ் என்பது இதுதான்) சந்தா வைத்துப் படிப்பது. வருபவர்கள் 18 பேர், பாதிக்கு மேல் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். 14 பேரிடம் ஆண்ட்ராய்டு, 4 பேரிடம் ஐபோன். மடிக்கணினி இரண்டே இரண்டு. மண்டபத்து வைஃபை சுமார்தான். பலர் ப்ரீபெய்ட் டேட்டாவில் இருக்கிறார்கள்.

நாலு பேரிடம் முன்கூட்டியே பேசிப் பார்த்தோம். எல்லாரும் கேட்டது மூன்றே கேள்வி: யார் அனுப்புகிறார்கள், மாதம் எத்தனை வெள்ளி, என் நம்பரைக் கொடுக்க வேண்டுமா. பதில் சொல்லச் சொல்லக் குழப்பம்தான் கூடுகிறது. எந்த வரிசையில் சொன்னால் பிடிபடும்?

பழகிப் பார்க்க எடுத்த தளங்களிலும் சிக்கல். (அ) ஓடை முகவரியைக் குரோமில் திறந்தால் குறியீடாகக் கொட்டுகிறது, ஒரு கைப்பேசியில் கோப்பாகவே இறங்கிவிட்டது. (ஆ) ஒரு சங்கத் தளத்தில் பிற்பகல் 2 மணிக்குப் போட்ட செய்தி, செயலியில் இரவு 10 மணி என்று காட்டுகிறது. (இ) இன்னொன்றில் தீபாவளிக்குப் பிறகு புதிதாக ஒன்றும் வரவில்லை, தளத்தில் போனால் புதுக் கட்டுரைகள் இருக்கின்றன.

ஒரு வேண்டுகோள்: முகவரிகளை ஒலிக்கிறபடி தமிழிலேயே எழுதுங்கள். வகுப்பில் அப்படியே வாசித்துக் காட்டுவேன்.

பட்டர்வர்த்_படகு

மூன்று கேள்விகளுக்கும் வேர் ஒன்றுதான்: ‘சந்தா’ என்ற சொல். சந்தா என்றதும் பேப்பர் போடுபவர் நினைவுக்கு வருகிறார். அவரிடம் முகவரி கொடுக்கிறோம், மாதக் கடைசியில் காசு கொடுக்கிறோம், அவர் கொண்டுவந்து போடுகிறார். செய்தியோடையில் இந்த மூன்றுமே நடப்பதில்லை. யாரும் யாருக்கும் எதையும் அனுப்புவதில்லை.

கோயில் அறிவிப்புப் பலகையைச் சொல்லுங்கள். பூசை நேரம், அன்னதானம், கூட்டம் எல்லாம் பலகையில் ஒட்டியிருக்கும். படிக்க வருபவரிடம் பெயர் கேட்பதில்லை. நீங்கள் நேரில் போகாமல், வீட்டுப் பையனை மணிக்கொரு தடவை அனுப்பி ‘புதுசா என்ன ஒட்டியிருக்கு, பார்த்துட்டு வா’ என்கிறீர்கள். பலகைதான் ஓடை, பையன்தான் செயலி. சந்தா வைப்பது என்றால் எந்தெந்தப் பலகைகளுக்குப் போக வேண்டும் என்று பையனிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பது. அந்தச் சீட்டு உங்கள் கையில் இருக்கிறது, கோயிலில் இல்லை. ஒரு பெயரை அடித்துவிட்டால் பையன் அங்கே போக மாட்டான், சந்தா முடிந்தது. ‘நிறுத்துங்கள்’ என்று யாருக்கும் கடிதம் எழுத வேண்டாம்.

இதைப் பத்து நிமிடம் நிதானமாகச் சொன்னால் அவர்கள் கேள்விகளுக்கு அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள். நம்பர் வேண்டாம், மின்னஞ்சல் வேண்டாம், காசு இல்லை. தளத்தின் பதிவேட்டில் உங்கள் இணைய எண் (ஐபி முகவரி) விழும், ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அது விழத்தான் செய்யும்.

அடுத்து வரும் எல்லாக் கேள்விக்கும் இதே படம் போதும். ‘ஏன் ஒரு மணி நேரம் தாமதம்?’ பையன் மணிக்கொரு தடவைதான் போகிறான். ‘டேட்டா தின்னுமா?’ பெரும்பாலான தளங்களில் புதிதாக ஏதும் இல்லையென்றால் வழங்கி (தளம் இருக்கும் கணினி) ‘மாற்றமில்லை’ என்று 304 என்ற எண்ணை மட்டும் திருப்பி அனுப்பும், ஓடை முழுதும் இறங்காது.

பலகையின் அளவைக் கட்டாயம் சொல்லுங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் நடக்கும் தளம் வழக்கமாக ஓடையில் 10 பதிவுகளை மட்டும் வைத்திருக்கும். கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகர் 25. யூடியூப் சேனல் 15. புதிது ஏற ஏறப் பழையது கீழே உதிர்ந்துவிடும். நாளுக்கு 40 செய்தி போடும் தளத்தின் ஓடை 10 மட்டுமே தாங்கும் என்றால், நாளுக்கு ஒரு தடவை போகும் பையன் 30 செய்தியைப் பார்க்காமலே வருவான். ‘சிலது வரவே இல்லை’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மாதம் இரண்டு கட்டுரை போடும் எழுத்தாளர் தளத்தில் இந்தக் கவலையே இல்லை. அதனால் வகுப்புக்குச் செய்தித் தளங்களை எடுக்காதீர்கள். மெதுவாக எழுதுபவர்கள் ஐந்து பேரை எடுங்கள். செய்தியோடையின் அருமை அங்கேதான் தெரியும்: ஆறு மாதம் மௌனமாக இருந்தவர் ஒரு நாள் எழுதினால் அன்றைக்கே கண்ணில் படும். முகநூலில் அது எங்கேயோ புதைந்துபோகும்.

உங்கள் (அ) சிக்கல் பிழையே அல்ல. குரோமுக்கு ஓடையை அலங்கரித்துக் காட்டத் தெரியாது, உள்ளதை உள்ளபடி கொட்டும். பயர்பாக்ஸிலும் இந்த வசதி முன்பு இருந்தது, 2018 டிசம்பரில் வந்த 64-ஆம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். கொட்டியதை மூடச் சொல்லாதீர்கள், பெரிய திரையில் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். மேலே தளத்தின் பெயர். பிறகு ‘ஐட்டம்’ என்று தொடங்கும் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தலைப்பு, கட்டுரையின் முகவரி, வெளியான நாள், ‘கைடு’ என்ற அடையாளக் குறி, சுருக்கம் அல்லது முழுக்கட்டுரை. ஓர் ஆசிரியரை எழுப்பி மூன்றாவது ஐட்டத்தின் தலைப்பை வாசிக்கச் சொன்னால் பயம் போய்விடும். அங்கே இருப்பது பலகைதான், சாயம் பூசாத பலகை.

முகவரி கண்டுபிடிப்பது: முதலில் தளத்தின் முகப்பு முகவரியையே செயலியில் ஒட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான தளங்கள் தலைப்பகுதியில் ஓடை முகவரியை மறைவாக எழுதி வைத்திருக்கும், செயலி அதைத் தேடி எடுத்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால், வேர்ட்பிரஸ் என்றால் முகவரிக் கடைசியில் ‘ஸ்லாஷ் ஃபீட்’. பிளாகர் என்றால் ‘ஸ்லாஷ் ஃபீட்ஸ் ஸ்லாஷ் போஸ்ட்ஸ் ஸ்லாஷ் டீஃபால்ட்’. ‘ஃபீட்’, ‘ஃபீட்ஸ்’ வித்தியாசத்தில் கோட்டை விடுபவர்கள் அதிகம், அதனால் பலகையில் பெரிதாக எழுதிவிடுங்கள்.

ஆண்ட்ராய்டுக்கு ‘ஃபீடர்’ என்ற செயலி. திறமூலம் (நிரலை யாரும் பார்க்கலாம்), விளம்பரம் இல்லை, கணக்குத் திறக்க வேண்டாம். ஐபோனுக்கு ‘நெட்நியூஸ்வயர்’, அதுவும் இலவசம்.

ஆயர்_ஈத்தாம்_அக்கா

படகு சொன்ன பலகைக் கதை சரி. செயலி விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து.

பையன் இரண்டு வகை. கைப்பேசியிலேயே குடியிருக்கும் பையன் (ஃபீடர் மாதிரி), தொலைவில் ஒரு வழங்கியில் இருக்கும் பையன் (இனோரீடர், ஃபீட்லி மாதிரி). கைப்பேசிப் பையன் உங்களோடு தூங்குவான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போய் இரண்டு நாள் போனைத் தொடாமல் இருந்தால், டேட்டாவும் அணைந்திருந்தால், அவன் எந்தப் பலகைக்கும் போயிருக்க மாட்டான். வழங்கிப் பையன் உங்கள் போன் அணைந்திருந்தாலும் போய் எடுத்து அடுக்கி வைத்திருப்பான். போனை மாற்றினாலும் கணக்கில் நுழைந்தால் எல்லாம் அங்கே இருக்கும், எதுவரை படித்தோம் என்பது உட்பட. வயதானவர்களுக்குப் பிள்ளைகள் திடீரென்று புது போன் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். அப்போது பட்டியல் போய்விட்டதே என்று மனம் உடைந்து விட்டுவிடுபவர்களை எண்ணிப் பாருங்கள்.

ஆனால் கணக்குக்கு மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் வேண்டும். 18 பேருக்கும் வகுப்பில் கணக்குத் திறக்கப் போனால் ஒரு மணி நேரம் அதிலேயே கரைந்துவிடும். அதனால் வகுப்பில் ஃபீடர், நெட்நியூஸ்வயர் போதும். ஒன்றை மட்டும் சேர்த்துச் செய்யுங்கள்: ஓபிஎம்எல் கோப்பு.

ஓபிஎம்எல் என்பது பையனிடம் கொடுக்கும் அந்தச் சீட்டேதான், கோப்பு வடிவில். ஓடைக்கு ஒரு வரி, அதில் பெயரும் முகவரியும். உங்கள் போனில் ஐந்து ஓடைகளையும் சேர்த்து, செயலியின் மெனுவில் ஓபிஎம்எல் ஏற்றுமதி செய்து, வாட்ஸ்அப் குழுவில் ஆவணமாக அனுப்பிவிடுங்கள். அவர்கள் வாட்ஸ்அப்பில் அதைத் தட்டினால் ‘திறக்க முடியாது’ என்று வரலாம், பயப்பட வேண்டாம். போனில் சேமித்துவிட்டு, செயலிக்குள் போய் இறக்குமதி என்பதைத் தொட்டு அங்கிருந்து எடுக்க வேண்டும். 18 பேர் ஐந்து முகவரி தட்டச்சு செய்தால் 90 தட்டச்சு, அதில் எத்தனை பிழை வரும்! கோப்பு என்றால் ஒரே வேலை.

ஆனாலும் ஆறாவது ஓடையை ஒவ்வொருவரும் கையாலேயே சேர்க்கட்டும். அதைச் செய்யாமல் போனால் வீட்டில் தனியாகச் சேர்க்கவே மாட்டார்கள். வகுப்பு முடியும்போது அவரவர் போனிலிருந்து ஒரு தடவை ஏற்றுமதி செய்து, தனக்குத்தானே அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். போன் மாறினாலும் சீட்டு பத்திரம். படித்தது, படிக்காதது என்ற குறி மட்டும் அதில் வராது, இதையும் சொல்லிவிடுங்கள்.

ஆண்ட்ராய்டில் இன்னொரு வில்லங்கம்: மின்கலச் சேமிப்பு. பல போன்கள் பின்னணியில் ஓடும் செயலியைத் தாமாகவே அடக்கிவிடும். செயலியைத் திறந்து இழுத்துவிட்டால் மட்டும் புதிது வருகிறது, தானாக வருவதில்லை என்றால் இதுதான். போன் அமைப்பு, செயலிகள், ஃபீடர், பேட்டரி என்று போய்க் கட்டுப்பாட்டை நீக்க வேண்டும். போனுக்குப் போன் பெயர் மாறும், அதனால் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ப்ரீபெய்ட்காரர்களுக்கு ‘வைஃபையில் மட்டும்’ என்ற தெரிவு ஃபீடரிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் இத்தகைய பின்னணி வேலைக்கு 15 நிமிடம்தான் மிகக் குறைந்த இடைவெளி, அவ்வளவு அவசரம் யாருக்கும் வேண்டாம். 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை தாராளம்.

‘எல்லாவற்றையும் படித்ததாகக் குறி’ பொத்தானை முதல் வகுப்பிலேயே காட்டிவிடுங்கள். ஆசிரியர்களுக்கு விடைத்தாள் திருத்திய பழக்கம், படிக்காத எண்ணிக்கை 200 என்று நின்றால் கடமை தவறிய மாதிரி வருந்துவார்கள். அது விடைத்தாள் கட்டு அல்ல, விட்டுவிடலாம்.

வழங்கி_வேலன்

(ஆ), (இ) இரண்டுக்கும் பதில். படிப்பவருக்கும் தளம் நடத்துபவருக்கும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் (ஆ)-வைப் படிப்பவர் பக்கத்தில் சரிசெய்யவே முடியாது.

(ஆ) 2 மணி 10 மணியானது: வித்தியாசம் சரியாக 8 மணி நேரம், அதுவே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. ஓடையில் வெளியான நேரத்தின் கடைசியில் நேர மண்டலம் எழுத வேண்டும். மலேசிய நேரத்தை எழுதிவிட்டுக் கடைசியில் +0000 போட்டிருக்கிறார்கள். செயலி அதைக் கிரீன்விச் நேரம் என்று நம்பி, நம் ஊருக்காக 8-ஐக் கூட்டிக் காட்டுகிறது. +0800 என்று எழுதினால் சரியாகிவிடும். பெரும்பாலும் யாரோ கையால் எழுதிய நிரலில்தான் இந்தத் தவறு வரும். இதைச் சிறு குறை என்று விடக் கூடாது: எதிர்கால நேரத்தோடு வரும் பதிவு சில செயலிகளில் பட்டியலின் உச்சியிலேயே எட்டு மணி நேரம் உட்கார்ந்து, மற்ற தளங்களின் புதுப் பதிவுகளைக் கீழே தள்ளும்.

(இ) நின்றுபோன ஓடை: முதல் சோதனை எப்போதும் ஒன்றே. ஓடை முகவரியை உலாவியில் திறந்து, முதல் ஐட்டத்தின் நாளைப் பாருங்கள். புதுக் கட்டுரை அங்கே இருக்கிறதா? இருந்தால் கோளாறு செயலியில், அல்லது தளம் செயலியை உள்ளே விடுவதில்லை. இல்லாவிட்டால் கோளாறு தளத்தில். இதைப் பார்க்காமல் செயலியை அழித்து மறுபடி நிறுவுவது வீண் வேலை.

தளம் என்றால் மூன்று காரணம் சாதாரணம். ஒன்று, தளம் புது முகவரிக்குக் குடிபெயர்ந்து பழைய ஓடையைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டது. 301 என்ற நிரந்தர மாற்றக் குறியை வைத்திருந்தால் செயலி தானாகப் புது இடத்துக்குப் போகும், வைக்காமல் விட்டால் பையன் காலி வீட்டின் பலகையையே பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டு, இடைத்தேக்கச் செருகுநிரல் (வேகத்துக்காகப் பக்கத்தின் நகலை எடுத்து வைத்துக் கொடுக்கும் துணை நிரல்) பழைய ஓடையையே திரும்பத் திரும்பக் கொடுக்கிறது. மூன்றாவது தமிழ் போன்ற மொழிகளின் தளங்களில் வரும் கோளாறு, கொஞ்சம் விளக்குகிறேன்.

ஓடை எக்ஸ்எம்எல் என்ற கண்டிப்பான குறிமொழியில் எழுதப்படுகிறது. வலைப்பக்கத்தில் ஒரு குறி தவறினால் உலாவி சமாளித்துக் காட்டும். எக்ஸ்எம்எல் சமாளிக்காது: ஒரே ஓர் இடத்தில் பிழை இருந்தாலும் கோப்பு முழுவதையும் தள்ளிவிடலாம். சில தளங்கள் சுருக்கம் என்று கட்டுரையின் முதல் 200 பைட்டை (பைட் என்பது கணினி எழுத்தைச் சேமிக்கும் அலகு) வெட்டிப் போடும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட், எங்கே வெட்டினாலும் எழுத்து முழுசாக நிற்கும். யுனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ‘தமிழ்’ என்பதில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என 5 குறி, ஆக 15 பைட். 200-ஆவது பைட் ஒரு குறியின் நடுவில் விழுந்தால் அரை எழுத்து மிஞ்சும், அது செல்லாத யுடிஎஃப்-8, ஓடை முழுதும் உடையும். அந்தப் பதிவு பத்துக்குக் கீழே இறங்கி உதிரும்வரை ஓடை செத்தே கிடக்கும், பிறகு தானாக உயிர் பெறும். ‘சில நாள் வருது, சில நாள் வரல’ என்று மர்மமாகத் தெரிவது இதனால்தான். பைட் கணக்கில் வெட்டாமல் எழுத்துக் கணக்கில் வெட்டும் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும்.

தலைப்பில் தனியாக நிற்கும் ‘அண்ட்’ குறியும், கோப்பின் தொடக்கத்தில் எக்ஸ்எம்எல் அறிவிப்புக்கு முன் தவறி விழுந்த ஒரு வெற்று வரியும் இதே சேதத்தைச் செய்யும். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு நடத்தும் ஓடைச் சரிபார்ப்புப் பக்கத்தில் முகவரியைக் கொடுத்தால் எந்த வரியில் பிழை என்றே காட்டும். அதைப் படம் பிடித்துத் தள நிர்வாகிக்கு அனுப்புங்கள். ‘உங்கள் ஆர்எஸ்எஸ் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் அவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது.

எழுத்து சிதைந்து வந்தால்: தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் மாறி மாறி வந்தால், அது யுடிஎஃப்-8 தமிழைத் தளம் வேறு குறியாக்கம் (எழுத்தைப் பைட்டாக்கும் முறை) என்று தவறாக அறிவித்ததன் அடையாளம். தமிழ் எழுத்துகளின் முதல் இரண்டு பைட்டும் பெரும்பாலும் அப்படித்தான் தோன்றும். தளத்தில் ஒரே ஒரு அறிவிப்பை மாற்றினால் தீரும். அப்படி ஒரு ஒழுங்கே இல்லாமல் கோடும் புள்ளியுமான எழுத்துகளாக வந்தால், அது யுனிகோடுக்கு முந்தைய திஸ்கி போன்ற குறியாக்கமாக இருக்கலாம். அதைச் செயலி தீர்க்காது, மாற்றித் தரும் கருவி வேண்டும்.

செந்தூல்_வாசகர்

மிக்க நன்றி. சரிபார்ப்புப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன், (இ) தளத்தில் யுடிஎஃப்-8 பிழை என்றே காட்டுகிறது. படத்தை நிர்வாகிக்கு அனுப்பிவிட்டேன்.

இன்னும் இரண்டு கேள்வி. பலர் பின்தொடர்வது யூடியூப் சொற்பொழிவுகளும் முகநூல் பக்கங்களும்தான். அவற்றைச் சேர்க்க முடியுமா? பிறகு, வேர்ட்பிரஸில் ‘கவிதை’ பிரிவுக்கு மட்டும் சந்தா வைக்கப் பார்த்தால் முகவரி ஒரு முழம் நீளத்துக்கு விழுக்காட்டுக் குறியாக வருகிறதே, அது கோளாறா?

பட்டர்வர்த்_படகு

யூடியூப் முடியும். பெரும்பாலும் சேனல் முகவரியை ஒட்டினாலே செயலி கண்டுபிடித்துவிடும். இல்லையென்றால், சேனலின் விவரப் பகுதியில் பகிர்வைத் தொட்டுச் சேனல் ஐடியை நகல் எடுங்கள், ‘யுசி’ என்று தொடங்கும் 24 எழுத்து. முகவரி இப்படி: யூடியூப் டாட் காம், ஸ்லாஷ் ஃபீட்ஸ், ஸ்லாஷ் வீடியோஸ் டாட் எக்ஸ்எம்எல், கேள்விக்குறி, சேனல் அடிக்கோடு ஐடி, சமக்குறி, பிறகு அந்த 24 எழுத்து. பெரிய எழுத்து சிறிய எழுத்து வித்தியாசம் உண்டு, அதனால் ஐடியைத் தட்டச்சு செய்யவே விடாதீர்கள், ஒட்டத்தான் வேண்டும்.

முகநூல் பக்கங்களுக்கு ஓடை கிடையாது, வாட்ஸ்அப் சேனலுக்கும் கிடையாது. இடையில் நின்று மாற்றித் தரும் சேவைகள் சில உண்டு, அடிக்கடி அறுந்துபோகும். புதியவர்களுக்குக் காட்ட வேண்டாம், பழி ஆர்எஸ்எஸ் மேல் விழும். பாட்காஸ்டைக் கட்டாயம் காட்டுங்கள். அதுவும் ஆர்எஸ்எஸ் ஓடைதான், ஐட்டத்துக்குள் ஒலிக்கோப்பின் முகவரி கூடுதலாக இருக்கும், அவ்வளவே. 2013 ஜூலையில் கூகுள் ரீடர் மூடப்பட்டதோடு இதெல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இன்றும் அதே நுட்பத்தில்தான் பாட்காஸ்ட் கேட்கிறார்கள்.

முழ நீள முகவரி கோளாறு அல்ல. இணைய முகவரிக்குள் தமிழ் நேராகப் போகாது, ஒவ்வொரு குறியும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்து. ‘கவிதை’யில் க, வ, இகரக் கொக்கி, த, ஐகாரக் குறி என 5 குறி, ஆக 45 எழுத்து. அப்படியே முழுதாக நகலெடுத்து, கடைசியில் ‘ஸ்லாஷ் ஃபீட்’ சேர்த்து ஒட்டினால் வேலை செய்யும். நடுவில் ஓர் எழுத்து விடுபட்டாலும் 404 (பக்கம் இல்லை) என்று வரும்.

ஆயர்_ஈத்தாம்_அக்கா

அந்தப் பிரிவு முகவரியையும் உங்கள் ஓபிஎம்எல் கோப்பிலேயே போட்டு அனுப்பிவிடுங்கள் தம்பி, அவர்கள் ஒட்டவே வேண்டாம். அனுப்புவதற்கு முன் அந்தக் கோப்பை ஓர் ஐபோனிலும் ஓர் ஆண்ட்ராய்டிலும் இறக்குமதி செய்து பாருங்கள். நெட்நியூஸ்வயரில் இறக்குமதி அமைப்புப் பக்கத்துக்குள் இருக்கிறது, ஃபீடரில் மூன்று புள்ளி மெனுவில். நாலு ஐபோன்காரர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் உங்களுக்கு அலைச்சல் குறையும்.